தோன்றா எழுவாய்: சென்னையின் முழுமைத் திட்டத்தை எழுதியவர்கள்

1

நம் விமரிசகர்கள் நாவலைப் படிக்கிறார்கள், கவிதையைப் படிக்கிறார்கள், கொஞ்ச காலமாகச் சினிமாவையும் விளம்பரத்தையும் பாடப்புத்தகத்தையும்கூடப் படிக்கிறார்கள். ஆனால் ஒரு நகரத்தில் எவன் எங்கே குடியிருக்கலாம், எந்த ஏரி ஏரியாகவே இருக்கும், எது மனையாகும் என்று இருபது வருஷத்துக்கு முன்கூட்டியே எழுதிவைக்கிற பிரதியை நம்மில் யாரும் படிப்பதில்லை. அது இன்ஜினீயர்கள் சமாச்சாரம் என்று விட்டுவிட்டோம். தமிழில் வந்த எந்த நாவலைவிடவும் அதிகம் பேருடைய வாழ்க்கையை அது புரட்டிப் போட்டிருக்கிறது. அதையும் ஒரு பிரதியாக எடுத்து வைத்துக்கொண்டு படித்துப் பார்ப்போம் என்பதுதான் இந்தக் கட்டுரை. நான் தமிழ் எம்.ஏ. படித்தவன். கட்டடக்கலை தெரியாது. தெரிந்தது கொஞ்சம் இலக்கணம். அது போதும் என்று நினைக்கிறேன்.

எந்தப் பிரதியிடமும் முதலில் கேட்கிற கேள்வியையே இதனிடமும் கேட்போம்: இதை எழுதியது யாரு?

வேறு பல நகரங்களுக்கு இதற்கு உடனடிப் பதில் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாரீசை உடைத்து அகலத் தெருக்களைப் போட்டவர் ஓஸ்மான். நியூயார்க்கின் நெடுஞ்சாலைகளுக்கும் பாலங்களுக்கும் ராபர்ட் மோசஸ். அவரைப் பற்றி ராபர்ட் கேரோ 1974இல் ஆயிரம் பக்கத்துக்கு மேல் ஒரு வாழ்க்கை வரலாறு எழுதி ஆளைத் தோலுரித்துக் காட்டினார். சண்டிகர் என்றதும் லெ கொர்பூசியே. கொர்பூசியேவுக்கு முன்னால் ஆல்பர்ட் மேயர் ஒரு வரைபடம் போட்டிருந்தார் என்பதும், கொர்பூசியே வந்துபோய்க் கொண்டிருக்க அங்கேயே பத்து வருஷத்துக்கு மேல் தங்கி வேலை பார்த்தவர் பியர் ழான்னரே என்பதும் அடிக்குறிப்பாகிவிட்டன. காலி செய்துகொண்டு போன கிராமத்துக்காரர்களுக்கு அந்த அடிக்குறிப்பும் இல்லை. ஆசிரியர் என்கிற பெயர் எதற்கு என்று மிஷெல் ஃபூக்கோ 1969இல் கேட்டார். ஆசிரியர் பெயர் ஒரு ஆளைச் சுட்டுவது மட்டுமல்ல, அது ஒரு வேலை செய்கிறது, சிலவற்றை ஒன்றாகச் சேர்க்கிறது, சிலவற்றை வெளியே தள்ளுகிறது என்றார். கொர்பூசியே என்ற பெயர் சண்டிகரில் செய்கிற வேலை அதுதான்.

சென்னைக்கு அப்படி ஒரு பெயர் இல்லை. திட்டவோ கொண்டாடவோ நமக்கு ஒரு ஓஸ்மான் கிடையாது. சிலையும் இல்லை, உடைக்க வேண்டிய சிலையும் இல்லை. இந்த இல்லாமையைத்தான் நான் வாசிக்க விரும்புகிறேன்.

2

ஆரம்பத்தில் பெயர்கள் இருந்தன என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

1914 செப்டம்பரில் சென்னையில் குண்டு போட்டுவிட்டுப் போன எம்டன் கப்பல், அடுத்த மாதம் அரபிக் கடலில் ஒரு சரக்குக் கப்பலை மூழ்கடித்தது. அதில் ஸ்காட்லாந்துக்காரரான பாட்ரிக் கெட்டிஸ் பல வருஷம் சேகரித்த நகரக் கண்காட்சிப் படங்கள் இருந்தன. சென்னை கவர்னர் பென்ட்லண்டு அழைப்பின் பேரில் இங்கே வந்துகொண்டிருந்த படங்கள் அவை. நண்பர்கள் அவசரமாக வேறு படங்களைத் திரட்டி அனுப்ப, 1915 ஜனவரியில் பல்கலைக்கழக செனட் மண்டபத்தில் கண்காட்சி நடந்தது. கெட்டிஸ் பிறகு மதுரை, தஞ்சாவூர் போன்ற ஊர்களின் தெருக்களில் நடந்தே பார்த்து அறிக்கைகள் எழுதினார். நெரிசலான பகுதியை அப்படியே இடித்துத் தள்ளி நேர்த்தெரு போடுவதை எதிர்த்தார். எந்த வீடு இருக்கலாம், எந்தச் சுவரை மட்டும் எடுத்தால் காற்று வரும் என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும் என்றார். அவர் காலனிய அழைப்பில் வந்தவர்தான். ஆனால் அந்த அறிக்கைகளில் ‘நான்’ உண்டு. நடந்தவர் யார், பார்த்தவர் யார், எதற்காக இப்படிச் சொல்கிறார் என்பது தெரியும். தெரிவதால் அவரோடு சண்டை போடலாம்.

1918இல் லான்செஸ்டர் என்கிற ஆங்கிலேயக் கட்டடக்கலைஞர் சென்னை நகரமைப்பு பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். 1920இல் சென்னை நகரமைப்புச் சட்டம் வந்தது. அந்த வருஷமே நீதிக்கட்சி ஆட்சிக்கும் வந்தது. இந்தக் கூட்டணியின் பெரிய பிரதி என்று தியாகராய நகரைச் சொல்லலாம். மாம்பலத்தில் இருந்த நீண்ட ஏரியைத் தூர்த்து 1920களில் உண்டான குடியிருப்பு அது. இங்கே ஆசிரியர்கள் தங்கள் கையெழுத்தைத் தெருவிலேயே போட்டுவிட்டார்கள். பிட்டி தியாகராயச் செட்டியார் பெயரில் ஊர். பனகல் அரசர் பெயரில் பூங்கா. டாக்டர் நாயர், நடேச முதலியார், முகமது உஸ்மான் என்று நீதிக்கட்சியின் உறுப்பினர் பட்டியலைத் தெருப் பலகைகளில் படித்துவிடலாம். பார்ப்பனரல்லாதார் அரசியலின் பெருமிதம் மண்ணில் எழுதப்பட்ட இடம் என்று இதைக் கொண்டாடுகிற தோழர்கள் உண்டு. கொண்டாடட்டும். ஆனால் அந்த ஏரியின் பெயர் எந்தப் பலகையில் இருக்கிறது? மேற்கு மாம்பலத்தில் ‘லேக் வியூ ரோடு’ என்று ஒரு தெரு உண்டு. ஏரி தெரிகிற தெரு. ஏரி இல்லை, தெரிகிறது மட்டும் இருக்கிறது. நுங்கம்பாக்கத்தில் ‘டேங்க் பண்டு ரோடு’. ஏரிக்கரைச் சாலை. கரை இருக்கிறது, ஏரி போச்சு. எழுதியவர்கள் கையெழுத்துப் போட்டார்கள், அழித்ததை மறைக்கத் தெரியாமல் விட்டுவிட்டார்கள்.

அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ 1973இல் புத்தகமாக வந்தது. சென்னையின் ஒரு தெருவில் குடத்தைத் தூக்கிக்கொண்டு பெண்கள் அலைவதையும், மாநகராட்சி ஆட்கள் தெருவைத் தோண்டிப் போட்டுவிட்டுப் போவதையும் அது சொல்லும். அதை இருத்தலியல் நாவல் என்று படித்தவர்கள் உண்டு. மனித உறவுகளின் வறட்சிக்குக் குறியீடு என்று படித்தவர்களும் உண்டு. அதை நகரத்திட்டத்துக்கு வந்த மதிப்புரையாகவும் படிக்கலாம் என்கிறேன். ஏரிகளைத் தூர்த்து வீடு கட்டிய நகரத்தின் வீடுகளில் தண்ணீர் இல்லை. குறியீடு தேடி ரொம்ப தூரம் போகவேண்டிய அவசியமில்லை.

3

1970களில் பெயர் மறைகிறது.

1970இல் குடிசை மாற்று வாரியம். 1971இல் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம். தொடர்ந்து சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம். 1970களின் நடுவில் முதல் முழுமைத் திட்டம். 1977 முதல் உலக வங்கிக் கடனில் நகர வளர்ச்சித் திட்டங்கள். 1980இல் ஆலன் டர்னர் என்கிற பிரிட்டிஷ் ஆலோசனை நிறுவனத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஒரு கட்டமைப்புத் திட்டம். இரண்டாம் முழுமைத் திட்டத்தின் வரைவு 1995இல் தயாராகி, வழக்கிலும் திருத்தத்திலும் கிடந்து, 2008 செப்டம்பரில்தான் அரசின் ஒப்புதலைப் பெற்றது. 1189 சதுர கிலோமீட்டர் பரப்புக்கு, 2026ஐ எல்லையாக வைத்து, மூன்று தொகுதிகள்.

இந்தப் பட்டியலில் ஆளே இல்லை, கவனித்தீர்களா? சட்டம், வாரியம், குழுமம், வங்கி, நிறுவனம். ஆள் இல்லாமலா எழுதினார்கள்? அமைச்சர் தலைவராக இருக்கிறார், ஐ.ஏ.எஸ். அதிகாரி துணைத்தலைவர், உறுப்பினர் செயலர், தலைமைத் திட்ட அமைப்பாளர்கள், அவர்களுக்குக் கீழே வரைவாளர்கள், சர்வேயர்கள், தட்டச்சர்கள் என்று ஒரு மாளிகையே நிறைய ஆட்கள். இருபது வருஷத் திட்டத்துக்கு முன்னுரை எழுதும் அதிகாரி இரண்டு வருஷத்தில் மாற்றலாகி வேறு துறைக்குப் போய்விடுவார். முன்னுரையில் பெயர் அச்சாவது வேறு, எழுவாயாக நிற்பது வேறு.

இங்கேதான் இலக்கணம் வருகிறது. முழுமைத் திட்டத்தின் வாக்கிய அமைப்பைப் பாருங்கள். அது ஆங்கிலத்தில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதிய பிரதி. அதன் உயிர்நாடி செயப்பாட்டு வினை. நிலம் வகைப்படுத்தப்படும். சாலை அகலப்படுத்தப்படும். ஆற்றோரக் குடியிருப்புகள் அகற்றப்படும். மக்கள் மறுகுடியமர்த்தப்படுவர். பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்ததை நினைவுபடுத்திக் கொள்வோம். செய்வினையில் எழுவாயாக இருந்தவன் செயப்பாட்டு வினையில் ‘ஆல்’ உருபு பெற்று மூன்றாம் வேற்றுமைக்குப் போகிறான். செயப்படுபொருள் எழுவாய் நாற்காலியில் வந்து உட்காருகிறது. திட்டப் பிரதி அந்த ‘ஆல்’ உருபையும் வெட்டிவிடுகிறது. எவரால்? பதில் கிடையாது. ‘மக்கள் மறுகுடியமர்த்தப்படுவர்’ என்ற வாக்கியத்தில் எழுவாய் மக்கள்தான். ஜனநாயகம் அவர்களுக்குக் கொடுத்திருக்கிற ஒரே எழுவாய் இடம் அது. நாற்காலி கொடுத்தாயிற்று, வினை மட்டும் அவர்களுடையதல்ல.

‘படு’ என்கிற துணைவினையையும் கொஞ்சம் பாருங்கள். அது வெறும் இலக்கண ஒட்டு அல்ல. படுதல் என்றால் அனுபவித்தல், துன்புறுதல். ‘பட்டவன்’ என்றால் தமிழில் யாரென்று எல்லோருக்கும் தெரியும். ஆங்கில அதிகாரியின் மறைப்புக் கருவியை மொழிபெயர்க்கப் போன தமிழ், தன்னையறியாமல் உண்மையைச் சொல்லிவிட்டது.

இன்னொரு மொழிபெயர்ப்பு இதற்கு நேர் எதிரான வேலையைச் செய்திருக்கிறது. ‘மாஸ்டர் பிளான்’ என்பதில் மாஸ்டர் என்றால் எசமான். அதை ‘முழுமைத் திட்டம்’ என்று தமிழாக்கினார்கள். எசமான் மறைந்து முழுமை வந்தது. ஆதிக்கத்தின் பெயர் எடுபட்டுப் பூரணத்துவத்தின் பெயர் ஏறியது. யார் செய்த மொழிபெயர்ப்பு என்று கேட்காதீர்கள், அதற்கும் எழுவாய் இல்லை. இதெல்லாம் நடக்கிற கட்டடத்தின் பெயர் தாளமுத்து நடராசன் மாளிகை. 1939இல் இந்தித் திணிப்பை எதிர்த்துச் சிறைக்குப் போய் உயிர்விட்ட இரண்டு இளைஞர்களின் பெயர். எழும்பூரில் அந்தப் பெயர்ப்பலகைக்கு உள்ளே உட்கார்ந்துதான் இந்த நகரத்தின் எதிர்காலத்தை ஆங்கிலத்தில் எழுதினார்கள்.

இந்தப் பெயர் மறைவுக்கு ஒரு அரசியல் பின்னணி உண்டு. இதை நம் விமரிசனங்கள் சரியாகப் பேசவில்லை. சென்னை மாநகராட்சி மன்றத்தை 1973இல் கலைத்தார்கள். அடுத்த தேர்தல் 1996இல்தான். இடையில் 23 வருஷம் இந்த நகரத்துக்குத் தேர்ந்தெடுத்த மேயரும் இல்லை, கவுன்சிலரும் இல்லை. முதல் முழுமைத் திட்டம் ஒப்புதல் பெற்றது, உலக வங்கித் திட்டங்கள் வந்தது, கட்டமைப்புத் திட்டம் எழுதியது, இரண்டாம் திட்டத்தின் முதல் வரைவு தயாரானது எல்லாமே இந்த 23 வருஷத்துக்குள். அப்புறம் 2016 முதல் 2022 வரை மறுபடியும் மன்றம் இல்லை. வார்டுக்காரன் கேள்வி கேட்க ஒரு ஆள்கூட இல்லாத காலத்தில் எழுதிய வாக்கியங்கள் செயப்பாட்டில் இருந்ததில் என்ன ஆச்சரியம்? பெருநகரத் திட்டக் குழு என ஒன்று வேண்டும், அதில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் உள்ளாட்சிப் பிரதிநிதிகளிலிருந்து தேர்ந்தெடுத்தவர்கள் இருக்க வேண்டும் என்று 1993இல் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் சொல்கிறது. இரண்டாம் திட்டப் பகுதிக்குள் மாநகராட்சி போக 16 நகராட்சிகளும், 20 பேரூராட்சிகளும், 214 கிராம ஊராட்சிகளும் இருந்தன. அவ்வளவு பேர் எழுவாய் ஆகியிருக்கலாம்.

4

பதிப்புத் துறையில் இருப்பவர்களுக்கு இடைச்செருகல் தெரியும். மூலப் பிரதியில் பின்னால் வந்தவன் தன் கைச்சரக்கைச் சேர்த்துவிடுவது. ஏடு பெயர்த்து எழுதும்போது பாடபேதம் வரும். இடைச்செருகல் தெரியாமல் வராது, ஒருவன் வேண்டுமென்றே செருக வேண்டும்.

முழுமைத் திட்டத்தின் உண்மையான ஆசிரியர்களைத் தேடுபவன் மூலத்தைவிட்டு இடைச்செருகலுக்குத்தான் போகவேண்டும். நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 113ஆவது பிரிவு, எந்த நிலத்துக்கும் கட்டடத்துக்கும் விதிகளிலிருந்து விலக்களிக்க அரசுக்கு அதிகாரம் தருகிறது. 1980களின் கடைசியில் இப்படிக் கொடுத்த 62 விலக்கு ஆணைகளை எதிர்த்து ஒரு நுகர்வோர் அமைப்பு போட்ட வழக்கில் 2000 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பிரிவு செல்லும் என்றது. ஆனால் காரணம் சொல்லாமல் இயந்திரம்போல விலக்குகளை வழங்கியதைக் கடிந்தது. இதற்கிடையே 1998இல் 113-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்திருந்தார்கள். விதியை மீறிக் கட்டியிருந்தால் கட்டணம் கட்டி முறைப்படுத்திக்கொள்ளலாம். ஒருமுறைச் சலுகை என்றார்கள். அந்த ஒருமுறையின் கடைசித் தேதி அடுத்தடுத்த வருஷங்களில் தள்ளிக்கொண்டே போனது.

ஆக என்ன நடக்கிறது? மூலத்தில் ஒரு நகரம் இருக்கிறது. அதில் கட்டடங்களுக்கு இடையே இடைவெளி உண்டு, தீயணைப்பு வண்டி போக வழி உண்டு, ஏரிக்கு எல்லை உண்டு. மூலம் யோக்கியமானது. பணமும் செல்வாக்கும் உள்ளவன் விலக்கு என்றும், நில உபயோக மாற்றம் என்றும், முறைப்படுத்தல் என்றும் ஓரத்தில் எழுதுகிறான். பத்திரிகையின் ஒரு மூலையில் சர்வே எண்ணோடு வரும் சின்ன விளம்பரத்தை யாரும் படிப்பதில்லை. ஒரு விவசாய நிலம் குடியிருப்பாக மாறுவதை அந்த நாலு வரிதான் சொல்கிறது. 2017 மே மாதக் கடைசியில் தியாகராய நகர் உஸ்மான் சாலையில் ஒரு ஜவுளிக்கடையின் பல மாடிக் கட்டடம் ஒரு நாளுக்கு மேல் எரிந்து, பிறகு இடிக்க வேண்டியதாயிற்று. அப்போது எல்லோரும் ‘விதிமீறல்’ என்றார்கள். விதிமீறல் என்ற சொல் போதாது. விதியை மீறுவதற்கும் விதிக்குள்ளேயே ஒரு விதி எழுதிவைத்திருக்கிற பிரதி இது. குடிசைக்காரன் மீறினால் ஆக்கிரமிப்பு. மாடிக்காரன் மீறினால் முறைப்படுத்தல். ஒரே செயலுக்கு இரண்டு பெயர்ச்சொல்.

5

ஆளைக் காட்டு என்றால் நம் தோழர்கள் உடனே கைநீட்டுகிற இடம் உலக வங்கி. எல்லாம் உலக வங்கி எழுதியது, நம் அரசு பிரதியெடுத்தது. சுலபமான வாசிப்பு, பாதி சரி. மீதிப் பாதியைச் சொல்லாவிட்டால் நாமும் ஆதாரத்தை மறைத்தவர்களாவோம். 1977இல் வங்கி கொண்டுவந்த திட்டம் குடிசைப் பகுதிகளை இருந்த இடத்திலேயே மேம்படுத்திப் பட்டா தருவதையும், அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூரில் ஏழைகளுக்கும் சேர்த்து மனைகளைப் பிரித்துக் கொடுப்பதையும் முன்வைத்தது. போட்ட காசு திரும்ப வரவேண்டும் என்ற முதலாளியக் கணக்கில்தான் அதைச் செய்தது, அன்பினால் அல்ல. ஆனால் அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டித் திறப்பு விழா நடத்துவதில் ருசி கண்டிருந்தது நம்முடைய வாரியம்தான். நகரத்துக்கு வெளியே ஆயிரக்கணக்கில் ஒரே மாதிரிப் பெட்டிகளைக் கட்டி ஏழைகளை லாரியில் ஏற்றி அனுப்புகிற காலம் 2000க்குப் பிறகு முழு வேகத்தில் வந்தபோது அதை எழுதிய கை இங்குள்ள கைதான். இரண்டு கழகங்களின் ஆட்சியிலும் அந்தக் கை ஓயவில்லை.

துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர் 2000இல் வந்தது. பதினைந்தாயிரம் வீடுகளுக்கு மேல். பிறகு செம்மஞ்சேரி, சுனாமியைக் காரணம் காட்டியும். பிறகு பெரும்பாக்கம், இருபதாயிரம் வீடுகளுக்கு மேல். மூன்றும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சுற்றிய தாழ்ந்த பகுதியில். பக்கத்திலேயே பழைய மாமல்லபுரம் சாலையில் கணினி நிறுவனங்களின் கண்ணாடி மாளிகைகள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரையோரத்தில் இருந்தவர்களை ‘வெள்ளத்திலிருந்து காப்பாற்ற’ என்று பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். 2023 டிசம்பர் புயலில் அந்தப் பெரும்பாக்கத்தையே தண்ணீர் சூழ்ந்தது. சதுப்பு நிலத்தின் 1248 ஹெக்டேரை 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்த்தார்கள். நல்லது. பறவைகளுக்கு உலக அங்கீகாரம், பக்கத்தில் மனிதர்களுக்கு ஒதுக்கீட்டு ஆணை.

பெயரையும் பாருங்கள். கண்ணகி நகர். தலைநகரை எரித்தவளின் பெயர், தலைநகரைவிட்டு வெளியேற்றியவர்களின் குடியிருப்புக்கு. காப்பியத்தில் கண்ணகி அரசனின் சபைக்கே போய்த் தேரா மன்னன் யார் என்று முகத்துக்கு நேரே காட்ட முடிந்தது. அவளுக்கு எதிரே ஒரு எழுவாய் இருந்தது. கண்ணகி நகர்க்காரி எந்தச் சபைக்குப் போவாள்? வாரியத்துக்குப் போனால் குழுமம் என்பார்கள். குழுமத்துக்குப் போனால் பொதுப்பணித்துறை, அங்கே போனால் கோர்ட் உத்தரவு.

இனி அங்கே பேசுகிற தமிழைக் கேளுங்கள். திட்டத்தில் ‘மறுகுடியமர்த்தப்பட்டனர்’ என்று இருப்பதை அங்கே எப்படிச் சொல்கிறார்கள்? ‘கொண்டாந்து போட்டுட்டாங்க.’ ஒரு சொற்றொடரில் முழு நகரத்திட்ட விமரிசனமும் இருக்கிறது. போடுதல் பொருளுக்குரிய வினை. மூட்டையைப் போடலாம், குப்பையைப் போடலாம். அதைத் தங்களுக்கே பயன்படுத்துகிறார்கள், தங்களை என்னவாக நடத்தினார்கள் என்று தெரிந்தே. இரண்டாவதாக, இந்த வாக்கியத்திலும் எழுவாய் வெளியே தெரியவில்லை. ஆனால் இது திட்டப் பிரதியின் மறைப்பு இல்லை. தமிழில் இதற்குத் தோன்றா எழுவாய் என்று பெயர். எழுவாய் தோன்றாவிட்டாலும் வினைமுற்றின் விகுதி அதைக் காட்டிக் கொடுத்துவிடும். ‘-ஆங்க’ என்ற விகுதி என்ன சொல்கிறது? செய்தது உயர்திணை. பலர். நாங்கள் இல்லை, நீ இல்லை, அவங்க. விதி இல்லை, வெள்ளம் இல்லை, வளர்ச்சி என்கிற அஃறிணை இல்லை. ஆட்கள். பெயர் தெரியாது, ஆனால் ஆட்கள்தான் செய்தார்கள் என்பது அவர்களுடைய இலக்கணத்துக்குத் தெரியும். மூன்று தொகுதிப் பிரதி மறைத்ததை ஒரு வினைமுற்றின் வால் வைத்திருக்கிறது.

6

தொண்ணூறுகளின் சிறுபத்திரிகைகள் ஆசிரியனின் மரணத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்தன. இலக்கியத்தில் அது ஒரு விடுதலை. மேதையின் பீடத்தைக் காலி செய்தது, வாசிக்கிறவனுக்கு உரிமை கொடுத்தது. ஆனால் அதே காலத்தில் எழும்பூரில் அதிகாரம் தன்னைத்தானே செத்தவன் மாதிரி எழுதக் கற்றிருந்தது. ஆசிரியன் இல்லாத பிரதி எல்லா இடத்திலும் வாசகனுக்கு விடுதலை தராது. கவிதையில் ஆசிரியன் செத்தால் வாசகன் பிறக்கிறான். அரசாணையில் ஆசிரியன் செத்தால் வாசகன் வீடிழக்கிறான். கோட்பாட்டை எங்கே பொருத்துகிறோம் என்பது அரசியல் கேள்வி, கோட்பாட்டுக்குள்ளேயே அதற்குப் பதில் கிடைக்காது.

பெயரைத் தேடுவது தனிமனித வில்லன் தேடுவதாகும், அமைப்பை விட்டுவிடுவோம் என்று ஒரு ஆட்சேபம் வரும். நியாயமான ஆட்சேபம். நம் இலக்கணம் இதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறது. கருத்தாவை அது இரண்டாகப் பிரிக்கிறது. ஏவுதற் கருத்தா, இயற்றுதற் கருத்தா. அரசன் கோயில் கட்டினான் என்றால் அவன் கல் சுமக்கவில்லை, ஏவினான். தச்சன் கட்டினான் என்றால் அவன் கையால் செய்தான். வரைபடத்தில் பச்சை வண்ணம் அடித்த வரைவாளர், ஏரியின் எல்லையை அளந்த சர்வேயர் இவர்களெல்லாம் இயற்றுதற் கருத்தாக்கள். எந்த ஏரி எப்போது சுருங்கியது என்று இவர்களுக்குத்தான் தெரியும். இவர்கள் நமக்கு எதிரிகள் இல்லை, சாட்சிகள். ஏவியவர் வேறு. நில உபயோகத்தை மாற்றச் சொல்லி விண்ணப்பித்தவர், பரிந்துரைத்தவர், கையெழுத்திட்டவர், அந்த மாற்றத்தால் விலையேறிய நிலத்துக்குச் சொந்தக்காரர். இந்த நாலு பேரும் ஒரே வரியில் வந்துவிட்டால் அதுதான் அமைப்பு. அமைப்பு என்பது ஆட்கள் இல்லாத பூதம் அல்ல. ஆட்கள் எந்த வரிசையில் நிற்கிறார்கள் என்பதற்கு வைத்த பெயர் அது.

இதெல்லாம் இப்போது எதற்கு என்றால், மூன்றாம் முழுமைத் திட்டத்துக்கான வேலைகளைத் தொடங்கிவிட்டார்கள். 2022இல் பெருநகரப் பகுதியை 1189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5904 சதுர கிலோமீட்டராக விரித்து அரசாணையும் வந்துவிட்டது. காஞ்சிபுரம், திருவள்ளூர், ராணிப்பேட்டைப் பக்கத்து ஊர்களும் ஏரிகளும் இனி இந்தப் பிரதிக்குள். குடிசை மாற்று வாரியத்துக்கு 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியிருக்கிறது. குடிசையும் போச்சு, மாற்றும் போச்சு, வாழ்விடம் வந்திருக்கிறது. பெயர் மாற்றுவதில் நாம் சமர்த்தர்கள்.

எழுத்தாளர்களும் இயக்கத் தோழர்களும் கேட்க வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை, இலக்கணம்தான். திட்டத்தை முதலில் தமிழில் எழுதுங்கள், ஆங்கிலத்துக்கு மொழிபெயர்த்துக் கொள்ளுங்கள். செய்வினையில் எழுதுங்கள். ‘அகற்றப்படும்’ என்று எழுதிய ஒவ்வொரு இடத்திலும் யார் அகற்றுவார், யார் கேட்டு, யார் உத்தரவில் என்று எழுதுங்கள். ஒவ்வொரு நில உபயோக மாற்றத்துக்கும் விலக்குக்கும் விண்ணப்பித்தவர் பெயரையும் காரணத்தையும் வார்டுவாரியாக ஒட்டுங்கள். மக்கள் சொன்ன ஆட்சேபங்களையும் அவற்றை ஏன் ஏற்கவில்லை என்பதையும் திட்டத்தோடு சேர்த்தே அச்சிடுங்கள். அவையும் அந்தப் பிரதியின் பகுதிதான்.

அவர்கள் எழுதாவிட்டால் நாம் எழுதலாம். ஊருக்கு ஒருவர் போதும். தன் ஊர் ஏரியின் சர்வே எண்ணையும், அது எந்த வருஷம் எந்த ஆணையில் எதுவாக மாறியது என்பதையும், அந்த ஆணையின் அடியில் இருக்கிற கையெழுத்தையும் ஒரு நோட்டில் எழுதிவைக்கட்டும். அதை யாரும் இலக்கியம் என்று சொல்லமாட்டார்கள். பரவாயில்லை. ‘கொண்டாந்து போட்டுட்டாங்க’ என்கிற வாக்கியத்துக்கு எழுவாய் கிடைக்கும்.